கால்கட்டு நாட்கள்

ஜூன் 4

அக்கா மகன் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தான். லென்ஸைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தும் பயனில்லை; பழைய வித்தைப்படி பிளேஸ்டேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த பிறகுதான் கிரான் டுரிஸ்மோ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் வட்டு சுழன்றது. மெமரி கார்டில் என் பழைய கராஜ் இல்லை. மறுபடியும் 10,000 கிரெடிட்டிலிருந்து, அதாவது விளையாட்டுப் பணத்திலிருந்து, தொடங்க வேண்டும்.

ஜூன் 5

இந்த விளையாட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஆர்கேட் வாசலில் நுழைந்தால் காரையும் தடத்தையும் தேர்ந்தெடுத்து உடனே ஓட்டலாம். ஜெயிக்க ஜெயிக்க புதிய கார்கள் திறக்கும். மற்றதில் நுழைந்தவன் ஏழையாகத் தொடங்கி, லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றை வாங்கி, பரிசுப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மேலே வர வேண்டும். ஜப்பானில் 1997 டிசம்பரில் வெளிவந்தபோது, ஐந்து ஆண்டுகள் இதற்காக உழைத்த கசுனோரி யமாவுச்சியின் குழு உண்மையில் செய்ய விரும்பியது இரண்டாவதைத்தான் என்று எனக்குத் தோன்றும். நேரம் கொட்டிக் கிடக்கிற எனக்கும் அதுவே பொருத்தம்.

ஜூன் 6

கார்ச் சாவியை அம்மா எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 8

பி, ஏ, இன்டர்நேஷனல் ஏ என மூன்று லைசென்ஸ்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுத் தேர்வுகள். முதல் தேர்வே எவ்வளவு வேகமாகப் போகிறாய் என்று கேட்பதில்லை. கிளம்பி, வேகமெடுத்து, வரைந்து வைத்த கட்டத்துக்குள் நிற்கத் தெரிகிறதா என்றுதான் கேட்கிறது. கட்டத்தைத் தாண்டினால் தோல்வி. முன்கூட்டி பிரேக் பிடித்தால் நேரம் போய், தங்கம் கைவிட்டு வெண்கலத்தில் முடிகிறது. காலையிலிருந்து முப்பது தடவையாவது நின்றிருப்பேன். பிரேக் என் இடது பெருவிரல் வேலையா வலது பெருவிரல் வேலையா என்று அம்மா கேட்டாள். வலதுதான், எக்ஸ் பொத்தானிலிருந்து சதுரப் பொத்தானுக்கு விரலைச் சற்றே உருட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் பதில் சொல்லாமல் என் வலது கால் கட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 9

பி லைசென்ஸ் கிடைத்தது. ஏழு வெள்ளி, ஒரு தங்கம். அந்தத் தங்கம் முதல் தேர்வில் வந்ததல்ல.

ஜூன் 12

பழைய கார் சந்தையில் நான் வாங்கியது ஒரு மாஸ்டா. சண்டே கப் என்ற பந்தயத்தில் கிடைத்த பணத்தில் முதலில் சைலன்சரை மாற்றினேன், பிறகு எடையைக் குறைத்தேன், டயரை மென்மையானதாக்கினேன். டர்போ வாங்கப் பணம் சேர்ந்தும் வாங்கவில்லை. இந்த விளையாட்டில் எல்லோரும் செய்கிற தவறு, நிறுத்தவும் திருப்பவும் வழி செய்யாமல் குதிரைத்திறனை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது. கல்லூரி விடுதியில் நானும் அதைத்தான் செய்தேன். ஸ்பிரிங்கின் இறுக்கம், தரையிலிருந்து வண்டியின் உயரம், சக்கரத்தின் சாய்வு என்று ஒவ்வொரு எண்ணாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதில் மதியம் முழுவதும் கழிந்தது. வலியும் அவ்வளவாகத் தெரியவில்லை.

ஜூன் 13

தூக்கம் இல்லை. மழை.

ஜூன் 15

அக்கா மகனோடு திரையை இரண்டாகப் பிரித்து ஓட்டினேன். அவனுக்கு நேர்க்கோட்டில் போகத்தான் தெரிகிறது. வளைவு வந்தால் சுவரில் சாய்ந்து, சுவர் திருப்பிவிடும் திசையில் போய்விடுகிறான். எரிச்சல் என்னவென்றால் அது பலிக்கிறது. எத்தனை தடவை மோதினாலும் இந்தக் கார்களில் ஒரு கீறல் கூட விழுவதில்லை. "மாமா, இதுல அடிபடவே படாதா?" என்று கேட்டான். படாது என்றேன். அக்கா அடுக்களையிலிருந்து அவனைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜூன் 16

பந்தயம் முடிந்ததும் தானாக ஓடும் ரீப்ளேயை இப்போதெல்லாம் நான் தள்ளிவிடுவதில்லை. தடத்தோரக் கேமராக்கள் மாறி மாறிக் காரைப் பிடிக்கின்றன. நான் பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: வளைவுக்கு முன் பின்விளக்குகள் எந்த இடத்தில் சிவக்கின்றன என்பதை. தாமதமாகத்தான் மிதிப்பதாக நினைத்திருந்தேன். பார்த்தால், ஒவ்வொரு முறையும் சீக்கிரமாகவே மிதிக்கிறேன்.

ஜூன் 19

டாக்டர் இன்னும் மூன்று வாரம் என்கிறார்.

ஜூன் 24

இன்டர்நேஷனல் ஏ. இருபத்து நான்கு தேர்வுகளும் முடிந்தன. முதல் தேர்வில் மட்டும் இன்னும் வெள்ளிதான்.

ஜூன் 27

கிராண்ட் வேலி 300 கிலோமீட்டர் பந்தயம், மொத்தம் அறுபது சுற்றுகள், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வேலை. நடுவில் சேமிக்க வழியில்லை. டயர் தேயும், டயர் மாற்ற எப்போது பிட்டுக்குள் போவது என்பதை நாமே கணக்கிட வேண்டும். மற்ற ஐந்து கார்களும் நாம் நடுவில் இருப்பதையே பொருட்படுத்தாமல் தங்கள் கோட்டிலேயே வந்து இடிக்கும். முப்பது சுற்றுக்கு மேல் எதையும் யோசிக்கவில்லை; நேர்சாலை முடிந்து வரும் முதல் வளைவில் விரல் தானாகவே சதுரத்துக்கு உருண்டது. நாற்பத்தேழாம் சுற்றில் பிசியோதெரபி செய்பவர் வந்தார். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுக் காலை நீட்டினேன். அவர் முட்டியை மடக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் இணைப்பு மின்விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும்தான். விசிறி சுழல்கிறது, தொலைக்காட்சி கறுத்துக் கிடக்கிறது. வலிக்கிறதா என்று அவர் கேட்டார். வலிக்கிறது என்றேன்.

ஜூன் 28

மறுபடியும் தொடங்கவில்லை. லைசென்ஸ் பக்கத்துக்குப் போய் முதல் தேர்வையே எடுத்தேன். வெள்ளி. வெள்ளி. கட்டம் தாண்டியது. வெள்ளி.

ஜூலை 10

கட்டைப் பிரித்தாயிற்று. சாவி பூஜையறைக் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்தது. நாளைக் காலை தெரு வெறிச்சோடியிருக்கும் நேரத்தில், முனை வரைக்கும் மட்டும்