மகனின் மூக்கும் மூச்சும்: கடலூரிலிருந்து ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 7, 2024

மகனுக்குக் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காக வரும் தும்மலும் நாள் முழுதும் ஒழுகும் மூக்கும் சளிப்பிடிப்பால் வந்தவை அல்ல, ஒவ்வாமையால் வந்தவை என்று எங்கள் குடும்ப மருத்துவர் இன்று உறுதியாகச் சொல்லிவிட்டார். காய்ச்சல் இல்லை, ஒழுகுவது தண்ணீராக இருக்கிறது, கண்ணும் மூக்கும் அரிக்கின்றன, வாரக்கணக்கில் நீடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்த்தான். அவர் அவன் முகத்தை விளக்கின் பக்கம் திருப்பி, மூக்குத் தண்டின் குறுக்கே ஓடும் மெல்லிய கோட்டைக் காட்டினார். இப்படி ஓயாமல் தேய்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு விழுமாம். நான் தினமும் பார்க்கும் முகம்தான் என்றாலும், அந்தக் கோட்டுக்குப் பொருள் உண்டு என்று அவர் சொன்ன பிறகே விளங்கியது.

என் மாமனாருக்கு இழுப்பு இருந்ததையும், என் கணவருக்குச் சிறு வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் என்னும் அரிப்புப் படை வந்து படுத்தியதையும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் வைத்தியம் பார்த்தவர் அவரே. தோலில் ஒருவருக்கு, மூச்சில் ஒருவருக்கு, மூக்கில் ஒருவருக்கு என்று ஒரே குடும்பத்தில் இவை மாறிமாறி வருவது வழக்கம் என்றார். இரவில் இருமல் உண்டா என்று கேட்டு மார்பில் குழாய் வைத்துப் பார்த்தவர், அவசரத்துக்கு என்று, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் பஃப்பும் அதைப் பொருத்தி மூச்சிழுக்கும் ஸ்பேசர் குழாயும் எழுதிக்கொடுத்தார். மூச்சை வெளிவிடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை ஊதச் சொல்லி, மூன்று முறையில் மிக உயர்ந்ததான 300-ஐ அட்டையில் குறித்துக்கொண்டார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது தும்மினான் என்று எழுதிவரும்படி சொன்னார். அந்த நோட்டில் எழுதுபவற்றைச் சற்று விரித்து இங்கேயும் பதிகிறேன்.

அக்டோபர் 12

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கியிருக்கிறோம். அதைப் பிடிக்கும் முறையைக் கற்றுத்தர மருத்துவர் பொறுமையாக நேரம் ஒதுக்கினார். தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு, இடது துவாரத்துக்கு வலது கையாலும் வலது துவாரத்துக்கு இடது கையாலும் பிடித்து, முனை நடுச்சுவரை நோக்காமல் காதுப் பக்கம் நோக்கியிருக்கும்படி அடிக்க வேண்டும். நடுச்சுவரில் மருந்து விழுந்துகொண்டே இருந்தால் ரத்தம் கசியும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், நான்காம் நாளே பயனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது என்றும் எச்சரித்தார்.

மருந்துக் கடையில் கேட்டவுடன் கொடுக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து இதற்கு நேர் எதிரானது. அது நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தின் வேகம் தணிந்ததும் முன்னைவிட அதிகமாக அடைக்கத் தொடங்கும், அந்த அடைப்புக்கு அதே மருந்தைத் தேட வேண்டிவரும். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த குப்பியை அப்புறப்படுத்திவிட்டேன்.

அக்டோபர் 24

நோட்டை இன்று மருத்துவர் பக்கம் பக்கமாகப் படித்தார். தும்மல் பெரும்பாலும் காலை ஐந்தரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்தான். பள்ளியில் அநேகமாக இல்லை. ஆயுத பூஜை விடுமுறைக்கு என் தாய் வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்த நாட்களில் தும்மலே இல்லை. பாய் என்ற சொல்லின் கீழ் கோடு போட்டவர், மகன் எந்த மெத்தையில் படுக்கிறான் என்று கேட்டார். மாமனார் காலத்து இலவம்பஞ்சு மெத்தை என்றேன். இரும்புக் கட்டிலில் கிடக்கிற அந்தப் பழைய மெத்தையா என்று அவரே கேட்டார். மாமனாரின் கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்து பார்த்தவர் என்பதால் அது அவர் நினைவில் இருந்தது.

அவர் சந்தேகப்பட்டது மெத்தையில் வாழும் தூசு உண்ணியை. அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத, எட்டுக் கால் உயிர். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிள்தான் அதற்கு உணவு. அது நம்மைக் கடிப்பதில்லை, அதன் எச்சத்தில் உள்ள புரதம்தான் மூக்கைக் கிளறுகிறது. தண்ணீர் குடிக்காத அந்த உயிர் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கிறது என்பதால், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் வற்றி மடிந்துவிடும். கடலோரத்தில், அதுவும் ஐப்பசி மழையில், அப்படி ஒரு காற்று நமக்குக் கிடைக்காது. ஆகவே படுக்கையைத்தான் கவனித்தாக வேண்டும். பழைய மெத்தையை மகன் அறையிலிருந்து அப்புறப்படுத்துவது, புதிய மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவுள்ள ஜிப் உறை போடுவது, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது என்று எழுதிக்கொடுத்தார். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று என் கணவர் கேட்டார். உண்ணியின் எச்சம் கனமானது, காற்றில் அதிக நேரம் மிதக்காது, அந்தப் பணத்தை உறைக்குச் செலவிடுங்கள் என்பதுதான் பதில்.

நவம்பர் 1

நேற்று தீபாவளி. வெடிப்புகையில் மகனுக்கு இருமல் வந்தது, ஒருமுறை பஃப் கொடுக்க நேர்ந்தது. புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல, ஏற்கெனவே புண்பட்டிருக்கும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் பொருள், ஆகவே நோட்டில் அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார்.

நவம்பர் 9

என் மாமியாருக்கும் எனக்கும் சாப்பாட்டைப் பற்றி மூன்று நாளாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம், தயிரும் வாழைப்பழமும் சளி கட்டும், அவனுக்குக் கொடுக்காதே என்பது அவர் கட்சி. உறவினர் ஒருவர், ஒரே ரத்த மாதிரியில் பல உணவுகளுக்குச் சோதனை செய்து தரும் ஆய்வகத்தைச் சொன்னார். அத்தையையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

மருத்துவர் அத்தையின் பேச்சை முழுதும் கேட்டார். பிறகு நோட்டைத் திறந்து, இதில் எந்த நாளிலாவது சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வாய் அரிப்போ வாந்தியோ வந்ததா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் அம்மா என்று அவரிடமே கொடுத்தார். அத்தை கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது என்றார் மருத்துவர். அவர் மறுத்ததைவிட மறுத்த விதம் எனக்கு அதிகம் பிடித்திருந்தது.

ரத்தச் சோதனையைப் பற்றியும் விளக்கினார். ஒவ்வாமையில் பங்கெடுக்கும் எதிர்ப்புரதமான ஐ.ஜி.இ.யின் மொத்த அளவும், ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகையின் அளவும் ஒவ்வாமையில் மட்டும் அல்ல, வயிற்றுப் புழுவாலும் உயரும். நம் ஊரில் அதை மறந்துவிட்டு அறிக்கையைப் படிக்க முடியாது. பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை மகன் விழுங்கினானா என்று அவனிடமே கேட்டார். சில ஆய்வகங்கள் உணவுக்கு அளக்கும் ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு எதிர்ப்புரதம், அந்த உணவை நாம் சாப்பிட்டுவருகிறோம் என்பதைத்தான் காட்டுமே தவிர, ஒவ்வாமையைக் காட்டாது. என்ன தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு செய்யும் சோதனைதான் பயன்படும் என்று சொல்லி, புதுச்சேரியில் உள்ள ஒவ்வாமை நிபுணர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அங்கே நடக்கும் தோல் சோதனைக்கு முந்திய ஏழு நாளும் ஒவ்வாமையை அடக்கும் சிட்ரிசின் மாத்திரை கூடாது, மூக்கு ஸ்பிரேயைத் தொடரலாம்.

நவம்பர் 19

நேற்று புதுச்சேரியில் தோல் சோதனை நடந்தது. மகனின் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டுச் சோதனைத் திரவம் வைத்து, அதன் வழியாகச் சிறு முள்முனையால் மெல்லக் குத்தினார்கள். ரத்தம் வரவில்லை. ஒரு சொட்டு ஹிஸ்டமின், ஒவ்வாமையின்போது உடம்பே வெளியிடும் பொருள், அது வீங்கியாக வேண்டும். இன்னொரு சொட்டு உப்புநீர், அது வீங்கக் கூடாது. இவ்விரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றவற்றை நம்ப முடியும். கால் மணி நேரத்தில் கொசு கடித்ததுபோல் தடிப்புகள் எழும்பின. தூசு உண்ணிக்கு 8 மில்லிமீட்டர், கரப்பான்பூச்சிக்கு 4, இறாலுக்கும் 4. மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் பாசிட்டிவ் என்பதால், அறிக்கைத் தாளில் இறாலுக்கு எதிரே தவிர்க்கவும் என்று அச்சாகியிருந்தது.

கடலூர்க்காரர்களுக்கு அது எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடிய செய்தி அல்ல. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் சொன்னேனே என்பது இருந்தது. இன்று அறிக்கையை எடுத்துக்கொண்டு எங்கள் மருத்துவரிடம் போனோம். அவர் அதைப் படித்துவிட்டு மகனிடம், கடைசியாக எப்போதப்பா இறால் சாப்பிட்டாய் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்? அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. உதடு, நாக்கு, தொண்டை எங்கேனும் அரித்ததா? இல்லை.

இறால், நண்டு, கரப்பான்பூச்சி, தூசு உண்ணி எல்லாவற்றின் தசையிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கிறது. உண்ணிக்கு எதிராக இவன் உடம்பு உருவாக்கிய ஐ.ஜி.இ.யில் ஒரு பகுதி இறாலின் புரதத்தையும் அடையாளம் கண்டிருக்கலாம். தோல் வீங்கினால் உடம்பு அதை அறிந்துவைத்திருக்கிறது என்று பொருள், சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று பொருள் அல்ல. சிக்கல் இல்லாமல் வழக்கமாகச் சாப்பிட்டு வருபவனை ஒரு தாளை நம்பி நிறுத்தச் சொல்ல மாட்டேன், நிறுத்தினால் பழகிப்போன சகிப்புத்தன்மையும் போய்விடக்கூடும் என்றவர், எங்கள் முன்னாலேயே நிபுணரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். இறாலை அவன் தொடர்ந்து சாப்பிட்டு வருவது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. கேட்டவுடன் அவரும் ஒத்துக்கொண்டார். வாயில் அரிப்போ உடம்பில் தடிப்போ ஒருமுறை வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையுடன் இறால் எங்கள் வீட்டில் தொடர்கிறது. அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், இந்தப் பிள்ளை ஆயுளுக்கும் இறாலைக் கண்டு பயந்திருப்பான்.

டிசம்பர் 4

ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றாலும், பின்சுவர் ஊறிப்போய் மூன்றே நாளில் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. நேற்று இரவு இரண்டு மணிக்கு மகனுக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சை விடும்போது விசில் கேட்டது. மீட்டரில் 190.

மருத்துவர் எழுதித்தந்த தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசரில் ஒரு பஃப், இயல்பாக ஐந்தாறு மூச்சு, பிறகு அடுத்த பஃப் என்று நான்கு கொடுத்தேன். இருபது நிமிடம் கழித்து மீண்டும் நான்கு. பேச்சு முழு வாக்கியமாக வராவிட்டாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று அதில் சிவப்பில் எழுதியிருந்தது. அப்படி எதுவும் இல்லை. மூன்று மணிக்கு 250. விடிந்ததும் தேங்கிய குட்டைகளைத் தாண்டித் தாண்டிக் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டிசம்பர் 6

தினசரி இன்ஹேலர் தொடங்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஸ்டீராய்டான பியூடிசோனைடும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்தது, காலை ஒன்று, இரவு ஒன்று, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். மகனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டதால் அவசரத்துக்கும் இதையே பயன்படுத்தலாம். பஃப் பழகிவிட்டால் விட முடியாதே, மாத்திரையாகக் கொடுங்களேன் என்று அத்தை கேட்டார். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம், ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், ஆக ஒரு மாத்திரை நாற்பது பஃப்புக்குச் சமம், அதுவும் ரத்தம் வழியாக உடம்பு முழுதும் சுற்றிய பிறகுதான் நுரையீரலுக்கு வந்துசேரும் என்று மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அத்தை அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இரவு மருந்தை இப்போது அவர்தான் நினைவுபடுத்துகிறார்.

ஜனவரி 13, 2025

போகி. ஜன்னல்களை அடைத்துவிட்டுப் பதினொரு மணி வரை வெளியே விடவில்லை. மீட்டரில் 290. பின்சுவரில் கசிவை அடைத்துப் பூசி முடித்தாகிவிட்டது.

மார்ச் 8

மூன்று மாதமாக இரவு இருமல் இல்லை, பள்ளியில் ஓடுகிறான், மீட்டரில் 320-ஐத் தொட்டுவிட்டான். ஒவ்வாமைத் தடுப்பூசி முறையைப் பற்றி நிபுணர் முன்பு குறிப்பிட்டிருந்தார். உண்ணியின் சாற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை கொடுப்பது அது. இன்று அதைக் கேட்டபோது, இவ்வளவு குறைந்த மருந்தில் அடங்கியிருக்கும்போது இப்போதே வேண்டாம், அடுத்த மழைக்காலம் எப்படிப் போகிறது என்று பார்த்து அவரோடு பேசி முடிவெடுப்போம் என்றார் மருத்துவர். இன்ஹேலரை இரவு ஒன்றாகக் குறைத்திருக்கிறார். ஸ்டீராய்டு பஃப் வளர்த்தியைச் சிறிதளவு தாமதப்படுத்தக்கூடும் என்பதால் உயரத்தை அளந்து அட்டையில் எழுதினார், 151 சென்டிமீட்டர். விளையாட்டு ஆசிரியருக்கு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார். ஓடவிடுங்கள், பஃப் அவன் பையிலேயே இருக்கட்டும், அலுவலக அறையில் பூட்டிவைக்க வேண்டாம் என்பது அதன் சாரம். அடுத்து ஜூனில், பள்ளி திறந்த முதல் வாரத்தில் போக வேண்டும்.