பைலட் டீம் ஜெயிச்சாச்சு, மத்த டீமுங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?

வேலைய சின்னச் சின்னதா பிரிச்சு அடிக்கடி முடிச்சுக் காட்டற அஜைல் முறைய, மொத்த கம்பெனிக்கும் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு டீம்ல மட்டும் செஞ்சு பாக்கறதுதான் பைலட். அது நல்லபடியா முடிஞ்சா அடுத்து என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பெரிய மீட்டிங் போடுவாங்க, பச்சை கலர்ல சார்ட் காட்டுவாங்க, கடைசில 'லெசன்ஸ் லேர்ன்ட்'னு ஒரு ஸ்லைடு வரும். கம்யூனிகேஷன் முக்கியம், மேனேஜ்மென்ட் சப்போர்ட் முக்கியம், சின்னச் சின்னதா டெலிவர் பண்ணணும். எல்லாரும் கை தட்டிட்டு போயிடுவாங்க, ஃபைல் ஷேர்டு டிரைவ்ல போய் உக்காந்துக்கும். அடுத்த டீம் அதத் திறந்து பாத்தாலும் பிரயோஜனம் இல்ல, கம்யூனிகேஷன் முக்கியம்னு தெரியாமலா இத்தன வருஷம் வேலை பாத்தாங்க?

நான் பைலட் டீமுக்குள்ள இருந்தும் பாத்துருக்கேன், அதுல கத்துக்கிட்டத மத்த டீமுங்களுக்கு கொண்டுபோற வேலையும் பாத்துருக்கேன். எனக்குத் தோணுறது இதுதான்: நாங்க என்ன பண்ணோம்னு சொல்றதுக்கு முன்னாடி, எங்களுக்கு என்னென்ன சலுகை கிடைச்சுதுன்னு சொல்லணும்.

பைலட்னாலே செல்லப்பிள்ளைதான். விருப்பப்பட்டு வந்தவங்களா பாத்து எடுப்பாங்க, எல்லாரும் முழு நேரமும் இதே வேலைதான், வேற ப்ராஜெக்ட்டுக்கு பாதி பாதியா பிச்சுக் குடுக்க மாட்டாங்க. எத முதல்ல செய்யணும்னு முடிவு பண்ற ப்ராடக்ட் ஓனர் பக்கத்துலயே இருப்பாரு. ரிலீஸுக்கு மத்தவங்க க்யூல நிக்கறப்போ இவங்களுக்கு மட்டும் தனி வழி, எங்கயாவது அப்ரூவல் மாட்டிக்கிச்சுன்னா டைரக்டரே போன் பண்ணி எடுத்துக் குடுப்பாரு. இது எதுவுமே அந்த ஸ்லைடுல வராது. அடுத்த டீமுக்கு 'தினமும் 15 நிமிஷம் ஸ்டாண்ட்அப் (நின்னுக்கிட்டே பேசுற மீட்டிங்) பண்ணுங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் (ஒரு சுத்து வேலை)'னு மட்டும் சொல்லிட்டு, ஆளுங்கள மூணு ப்ராஜெக்ட்டுக்கு பங்கு போட்டு, ப்ராடக்ட் ஓனர்ங்கற பேர்ல ஏற்கனவே நாலு டீம பாத்துக்கிட்டு இருக்கறவரக் குடுத்தா, ஸ்டாண்ட்அப் மேனேஜருக்கு ஒப்பிக்கற ஸ்டேட்டஸ் மீட்டிங்காதான் ஆகும், கொஞ்ச நாள்ல 'அஜைல் நமக்கெல்லாம் செட் ஆகாது'ன்னு பேச்சும் வந்துடும்.

அப்புறம், ஊரே பாக்குதுன்னு தெரிஞ்சா யாரும் நல்லாத்தான் வேலை செய்வாங்க. 1924ல இருந்து 1932 வரைக்கும் சிகாகோ பக்கத்துல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியோட ஹாதார்ன் ஃபேக்டரில நடந்த ஆராய்ச்சிய இதுக்கு உதாரணமா சொல்லுவாங்க, வெளிச்சத்தக் கூட்டினாலும் உற்பத்தி ஏறுச்சு, குறைச்சாலும் ஏறுச்சுன்னு. பின்னாடி அந்த டேட்டாவ திரும்ப அலசினவங்க கதை அவ்ளோ சுத்தமா இல்லைன்னு சொல்லிட்டாங்க, அது வேற விஷயம். ஆனா பைலட் ரிசல்ட்ல எவ்ளோ நம்ம முறையால வந்துச்சு, எவ்ளோ கவனிப்பால வந்துச்சுன்னு கேட்டா நேர்மையா யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது, அதையும் சேத்தே சொல்லிடறது நல்லது.

சூழ்நிலைய விட்டுட்டு வெளித்தோற்றத்த மட்டும் எடுக்கறதுக்கு, மியூசிக் ஆப் கம்பெனி ஸ்பாட்டிஃபையோட கதையும் ஒரு உதாரணம். 2012ல அங்க வேலை பாத்த ரெண்டு பேர் ஸ்குவாட், ட்ரைப், சாப்டர், கில்டுன்னு பேர் வச்ச குழுக்களா அவங்க டீமுங்க எப்படி இயங்குதுன்னு எழுதினாங்க. இப்போதைக்கு இப்படி இருக்கோம், இன்னும் மாறிக்கிட்டே இருக்கோம்னு அதுலயே சொல்லியிருந்தாங்க. உலகம் முழுக்க கம்பெனிங்க அந்தப் பேர மட்டும் எடுத்து பழைய டிபார்ட்மென்ட் மேல ஒட்டிக்கிச்சுங்க. வெளி கம்பெனி டாக்குமென்ட்டுக்கே இந்த கதின்னா, ஒரே பில்டிங்ல இருக்கற பைலட்ட காப்பி அடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?

ஷேர் பண்ணவே கூடாதது ஒண்ணு இருக்கு, வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரிண்ட்ல டீம் எத்தன பாயிண்ட் வேலை முடிக்குதுங்கற கணக்கு. பைலட் டீம் ஸ்பிரிண்ட்டுக்கு 40 பாயிண்ட் முடிச்சாங்கன்னு ஒரு தடவ சொல்லிட்டா போதும், அடுத்த டீம்ல அஞ்சு பாயிண்ட் ஸ்டோரி (ஒரு துண்டு வேலை) எல்லாம் எட்டா மாறிடும், சார்ட் ஏறும், வேலை அதே வேகத்துலதான் நடக்கும். ஸ்டோரி பாயிண்ட்ங்கறது ஒரு வேலை எவ்ளோ பெருசுன்னு அந்தந்த டீம் போடற சொந்த அளவு, ரெண்டு டீமுக்கு நடுவுல வச்சு ஒப்பிடவே முடியாது. நம்பர் வேணும்னா, ஒருத்தர் கேட்டதுல இருந்து அது லைவ் ஆகற வரைக்கும் எத்தன நாள் ஆச்சு, ரிலீஸுக்கு அப்புறம் எத்தன பக் வந்துச்சு, இதச் சொல்லுங்க.

ஸ்பிரிண்ட் முடிவுல எது நல்லா போச்சு, எது போகலன்னு டீம் உக்காந்து பேசுற ரெட்ரோல சொன்னதும் அப்படித்தான். 'நமக்குள்ள' பேசுறோம்ங்கற நம்பிக்கைலதான் அங்க உண்மை வெளில வருது. அந்த நோட்ஸ அப்படியே ஆர்கனைசேஷன் முழுக்க மெயில் போட்டா அடுத்த ரெட்ரோல எல்லாரும் 'எல்லாம் நல்லா போச்சு'ன்னு முடிச்சுடுவாங்க. எத வெளில சொல்லலாம்னு டீமே உக்காந்து முடிவு பண்ணட்டும், அவங்களே எழுதட்டும்.

எழுதும்போது அட்வைஸா எழுதாம நடந்தத எழுதினா படிக்கறவங்களுக்கு பிடி கிடைக்கும். உதாரணத்துக்கு, 'ஸ்டோரிய சின்னதா உடைக்கணும்'னு எழுதினா காத்துல போயிடும். 'டேட்டாபேஸ் வேலைய ஒரு ஸ்டோரியா, ஸ்கிரீன இன்னொரு ஸ்டோரியா பிரிச்சோம், ஸ்பிரிண்ட் முடிஞ்சப்போ ரிவ்யூல காட்ட எதுவுமே இல்ல, அடுத்த ஸ்பிரிண்ட்ல லாகின் மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் முழுசா முடிச்சோம், யூசர் அங்கயே ரெண்டு மாத்தம் சொல்லிட்டாரு, அந்த சமயத்துல டெஸ்டர் எங்களோடயே உக்காந்திருந்தாரு.' அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம், பக்கத்துல டெஸ்டர் இல்லாத டீம் இதுல எத எடுக்கலாம் எத விடலாம்னு அவங்களே கணக்குப் போட்டுக்குவாங்க.

ஆனா எழுத்த விட ஆளுங்க மூலமா போறதுதான் அதிகம். பைலட்ல இருந்து ஒருத்தரோ ரெண்டு பேரோ புது டீம்ல கொஞ்ச நாள் சேந்து வேலை பாக்கட்டும், கோச்சா இல்ல, கோட் எழுதுற ஆளாவே. சில இடத்துல பைலட் டீமையே கலைச்சு ஆளுக்கொரு டீம்னு தூவி விட்டுடறாங்க, எனக்கு அது பிடிக்கல, நல்லா ஓடிக்கிட்டு இருந்த ஒரே டீமும் போயிடும், தனியாப் போனவரு போன டீமோட பழைய பழக்கத்துலயே கரைஞ்சுடுவாரு. புது டீம் ஆளுங்கள பைலட்டோட ரிவ்யூலயும் ரிஃபைன்மென்ட்லயும் (வரப்போற வேலைய தெளிவுபடுத்துற மீட்டிங்) சும்மா உக்கார வைக்கிறது இத விட செலவு கம்மி.

மேல போக வேண்டிய லெசன் வேற. செக்யூரிட்டி அப்ரூவலுக்கு எத்தன வாரம் ஆகுது, டெஸ்ட் என்விரான்மென்ட் யாரு கைல இருக்கு, இதெல்லாம் எந்த டீமும் தானா சரி பண்ணிக்க முடியாது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல யார் பொறுப்புன்னு பேர் போட்டு மேனேஜ்மென்ட் கிட்ட குடுக்கணும்.

பைலட்டால சொல்லவே முடியாத விஷயமும் நிறைய. வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற அப்ரைசல், பட்ஜெட், ஆடிட் எதுவுமே சில மாசம் ஓடுற பைலட்டுக்குள்ள வராது. மத்த டீமுங்களுக்கும் கொண்டுபோற ரோல்அவுட் ஆரம்பிச்சதும் மொத கேள்வியே அங்கதான் வருது, டீமா சேந்து முடிச்ச வேலைக்கு தனித்தனியா எப்படி ரேட்டிங் போடறதுன்னு. டீம் லீடுங்க 'அப்ப என் வேலை என்ன'ன்னு கேக்கறதும் இங்கதான், பைலட்ல அவங்கள யாரும் கண்டுக்கவே இல்லையே.

எங்க இடத்துல அடுத்து வந்தது ஒரு சப்போர்ட் டீம். தினமும் டிக்கெட் வந்து விழுற இடத்துல ரெண்டு வார ப்ளான் எல்லாம் நிக்காதுன்னு ஸ்பிரிண்ட்டயே தூக்கிட்டாங்க, ஒரு போர்டு, ஒரே நேரத்துல இத்தன டிக்கெட்டுக்கு மேல கைல எடுக்கக் கூடாதுன்னு ஒரு லிமிட், அவ்ளோதான். பைலட் ஆளுங்களுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு, இதெல்லாம் அஜைலே இல்லைன்னு கேன்டீன்ல பொலம்பல் வேற. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா பைலட் டீம் போர்டுலயே டெஸ்டிங்னு இருக்கற கட்டத்துக்கு மேல லிமிட் போட்டு ஒரு நம்பர் எழுதியிருக்கு, யார் எழுதினதுன்னு கேட்டா யாரும் ஒத்துக்கல.