இரண்டு ட்ரையல், ஒரு கையெழுத்து

"அப்பாகிட்ட வாய்ப்புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம் மேடம், நீங்களும் அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க" என்றார் மூத்த மகன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிற குடும்பம். அப்பாவுக்கு 58 வயது, முப்பது வருடப் புகையிலைப் பழக்கம். கன்னத்தில் ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கழுத்தில் மறுபடி கட்டி. மகனும் மகளும் என் அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள், அவர் வெளியே பெஞ்சில் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ட்ரையல் கோஆர்டினேட்டர், அதாவது சிகிச்சைகளை நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்கிற ஆய்வுகளை ஒருங்கிணைப்பவள். பதினோரு வருடமாக இதே வேலை. நோயாளிக்கு எந்தத் தேதியில் ரத்தம் எடுக்க வேண்டும், எப்போது ஸ்கேன், பஸ் டிக்கெட் காசு வந்து சேர்ந்ததா என்பது வரை எல்லாம் என் பொறுப்பு. இதில் கஷ்டமானது சேர்வதற்கு முன்னால் நடக்கிற பேச்சுதான். ஒரு ட்ரையல் மட்டும் இருந்தால் சேரலாமா வேண்டாமா என்பதோடு முடிந்துவிடும். இரண்டு இருந்துவிட்டால் குடும்பமே இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

இவர்களுக்கு இரண்டு இருந்தது. முதலாவது மூன்றாம் கட்ட ட்ரையல், சிகிச்சைகளை நிறைய பேரிடம் ஒப்பிட்டு எது மேல் என்று பார்ப்பது. குறைந்த டோஸ் இம்யூனோதெரபி ஊசி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டுகிற மருந்து, எல்லோருக்கும் உண்டு, அதோடு மாத்திரையா கீமோவா என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும், டாக்டர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. இன்னொன்று முதல் கட்டம். மனிதர்களுக்கு இப்போதுதான் கொடுத்துப் பார்க்கிற புது மூலக்கூறு. எவ்வளவு டோஸ் வரை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் முதல் நோக்கம், கட்டி கரைந்தால் நல்லது, ஆனால் அதற்காக நடத்தப்படுகிற ஆய்வு இல்லை அது. இதைச் சொன்னால் யாருக்கும் காதில் ஏறாது. "புது மருந்து" என்ற சொல்லுக்கு அவ்வளவு வலு.

மகன் புது மருந்துப் பக்கம், மகள் ஊசிப் பக்கம். மகள் தன் போனில் ஒரு செய்தியை வைத்திருந்தார். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 151 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வு அது. நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வழக்கமான டோஸில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முழு டோஸ் வாங்க வீட்டை விற்கவேண்டியிருக்கிற நம் ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அந்த முடிவு வந்த அன்று எங்கள் டிபார்ட்மென்டில் வேறு பேச்சே இல்லை. ஆனால் மகள் அதை "43 சதவீதம் பேருக்குக் குணமாகுது" என்று படித்திருந்தார். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர், ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 43 பேர். குணமானவர்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. இதை நான் விளக்கியபோது அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் இப்படிச் சொல்லாமல் விட்டு ஒரு தப்பு நடந்தது. ஒரு அம்மா, சினைப்பைப் புற்றுநோய், மகன் முதல் கட்ட ட்ரையலையே பிடித்துக்கொண்டு நின்றார். பழைய மருந்து உடம்பை விட்டுப் போக நான்கு வாரம் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது ஒப்புதல் படிவத்தில் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. நான் அதை வாசித்தேன், ஆனால் அந்த நான்கு வாரத்தில் என்ன ஆகலாம் என்று நிறுத்திச் சொல்லவில்லை. வாரா வாரம் மருந்துக் கம்பெனியிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று போன் வரும், நானும் அவசரத்தில் இருந்தேன். நான்கு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் நிலையைக் காட்டுகிற பிலிருபின் அளவு எல்லை தாண்டியிருந்தது, கண்கள் மஞ்சள். தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினோம். அதற்குள் இன்னொரு ட்ரையலில் இடமும் நிறைந்துவிட்டது. அந்த மகன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து எது நல்ல மருந்து என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் வேறு ஒன்றைத்தான் முதலில் பேசுகிறேன். இதில் சேர்ந்தால் அப்புறம் எது மூடிக்கொள்ளும்? ஏற்கெனவே இம்யூனோதெரபி எடுத்தவர்களைச் சேர்க்காத ட்ரையல்கள் நிறைய, இரண்டு வகைச் சிகிச்சைக்கு மேல் போனவர்களைச் சேர்க்காதவையும் உண்டு, ஆகவே எதை முன்னால் எடுக்கிறோம் என்பதே பாதித் தீர்மானம். அப்புறம், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில்? முதல் கட்ட ட்ரையலில் மருந்து கொடுத்த நாளில் அரை மணிக்கு, ஒரு மணிக்கு, இரண்டு, நான்கு, எட்டு மணிக்கு என்று ரத்தம் எடுப்போம், மறுநாள் காலையிலும் வரவேண்டும், அதற்குப் பிறகும் வாராவாரம். பக்க விளைவு வந்தால் சிகிச்சைச் செலவை ஆய்வை நடத்துகிறவர்கள் ஏற்க வேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளில் இருக்கிறது, அது சரி, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் யாருக்குப் போன் செய்வது, அந்த நம்பரை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். ட்ரையல் பதிவு எண்ணையும் கேட்கச் சொல்வேன். 2009-லிருந்து எல்லா ட்ரையலும் சிடிஆர்ஐ என்ற இந்திய ட்ரையல் பதிவேட்டில் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் பேசி முடித்ததும் மகனிடம் சொன்னேன், கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் அப்பா, அவருக்கு என்ன நோய் என்று தெரியாமல் போடுகிற கையெழுத்து ஒப்புதலே ஆகாது. நீங்கள் சொல்கிறீர்களா, டாக்டர் சொல்லட்டுமா? அவர் கோபப்பட்டார். மனசு உடைஞ்சிடுவார், சாப்பாடே இறங்காது என்றார். அந்தப் பயம் பொய்யில்லை, என் மாமனாருக்கு வந்தபோது நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் வெளியே பெஞ்சில் இருக்கிறவர் முப்பது வருடமாக விடிகாலை மூன்று மணிக்கு ஏலம் கூறி, லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் பார்த்தவர். அவருடைய உடம்பைப் பற்றிய கணக்கை மட்டும் அவருக்குக் காட்டாமல் மூடி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் டாக்டர்தான் சொன்னார். அப்பா எதுவும் பேசவில்லை. அன்று முழுக்க மகனோடும் பேசவில்லை, மகள் வாங்கி வந்த இளநீரைத் தொடவும் இல்லை. எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே என் அறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு சரியாகப் புரியாது, அதனால் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார். கமிஷன் கடைப் பேரேடு எழுதுகிற கை, எண்கள் அச்சுப் போல இருந்தன. இரண்டு படிவத்தையும் வாங்கி, தாளுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் புது மருந்து, ஒரு பக்கம் ஊசி என்று நாள்களைக் கூட்டினார். முதல் இரண்டு மாதத்துக்கு இந்தப் பக்கம் பதினேழு நாள், அந்தப் பக்கம் நான்கு நாள் என்று வந்தது. நோட்டை என் பக்கம் திருப்பி, "கணக்கு சரியா பாப்பா?" என்று எழுதினார். நான் அட்டவணையை வைத்துச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. கீழே "ஊசி" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

குலுக்கலில் மாத்திரைப் பிரிவு வந்தது. மகனுக்கு முகமே இல்லை, கடையில் கிடைக்கிற மாத்திரைதானே, கீமோ கிடைத்தவர்களுக்குத்தான் யோகம் என்றார். அதே டாடாவில் 422 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், வாய்வழி மாத்திரை எடுத்தவர்களில் பாதிப்பேர் ஏழரை மாதத்துக்கு மேலும், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி போட்டவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் மேலும் இருந்தார்கள் என்று சொன்னேன். மகனைத் தேற்றத்தான் சொன்னேன், பக்கத்தில் அப்பா இருக்கிறார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இது இம்யூனோதெரபி சேராத ஆய்வு, உங்களுக்கு அந்த ஊசியும் இருக்கிறது, பாதிப்பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்று அவசரமாக விளக்கினேன்.

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நோட்டில் ஏதோ எழுதி மகனிடம் நீட்டினார். மகன் படித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம் காட்டினார்: "ஆடிக்கு முன்னால் வெங்காயக்காரர்கள் பாக்கி எல்லாம் தீர்க்க வேண்டும். நாளையிலிருந்து நீ கடையில் என்னோடு உட்கார்."

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ராத்திரி பஸ்ஸில் வந்து காலை ஏழு மணிக்கு என் கதவருகில் நிற்பார், பதினோரு மாதம் வந்தார். இரண்டாவது தடவையிலிருந்து மகன் வரவில்லை, கடையைப் பார்க்க ஆள் வேண்டுமே.