மத்தேயு எழுதாத மூன்று அரசர்கள்

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் எத்தனை ஞானிகள் வருகிறார்கள் என்று மறைக்கல்வி ஆசிரியர்களிடம் கேட்டால், மூன்று பேர் என்று உடனே பதில் வரும். எந்த வசனம் என்று கேட்டால் பக்கங்கள் புரளும், வசனம் கிடைக்காது. கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்று பன்மையில் மட்டும்தான் மத்தேயு சொல்கிறார். அரசர்கள் என்று சொல்லவில்லை. ஒட்டகமும் இல்லை, பெயர்களும் இல்லை. அவர்கள் போய்ச் சேர்வது தொழுவத்துக்கும் அல்ல, ஒரு வீட்டுக்கு (மத் 2:11). இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஏரோது மன்னன் ஆணையிடுவதைப் பார்த்தால், குழந்தை பிறந்த இரவிலேயே அவர்கள் வந்தார்கள் என்று சொல்லவும் முடியாது.

விவிலிய வாசிப்பைக் கற்றுக்கொடுக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வாய்க்காது. எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் யாரும் அதை எழுதியிருக்கிறபடி வாசித்ததில்லை. கிறிஸ்மஸ் குடிலும் வாழ்த்து அட்டையும் பாட்டும் நாடகமும் சேர்ந்து, கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே வந்து நின்றுவிடுகின்றன. எழுதியிருப்பது எது, பின்னால் வந்து சேர்ந்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்த பிறகு, சேர்ந்தவற்றையும் மதிக்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் கடினம்.

செய்முறை எளியது. மத் 1:18 முதல் 2:23 வரை 31 வசனங்கள் ஒரு தாளிலும், லூக்கா நற்செய்தியில் 2:1 முதல் 20 வரை 20 வசனங்கள் இன்னொரு தாளிலும் அச்சிடப்படும். வசன எண்கள் இருக்கும், உள்தலைப்புகள் இருக்காது. அந்தத் தலைப்புகள் பதிப்பாசிரியர்கள் போட்டவை. வாசிப்பவர் தலைப்பைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று முடிவு செய்துவிடுகிறார். ஓரத்தில் தாராளமாக இடம் விட வேண்டும். முதல் தாளை முடிக்கும்வரை இரண்டாவதைக் கொடுக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் ஓட்டையை மற்றொன்றால் அடைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தாளைப் பார்த்தபடி கேட்பார்கள். அதன்பின் நீலப் பேனாவால் ஆள், இடம், காலம் மூன்றுக்கும் அடிக்கோடு. சிவப்பால் பழைய ஏற்பாட்டு மேற்கோள்களுக்கு. பென்சிலால் ஓரத்தில், 'இருக்கும் என்று நினைத்தேன், இல்லை' என்பவற்றின் பட்டியல். அந்தப் பென்சில் பட்டியல்தான் வகுப்பின் உயிர். மத்தேயுவின் தாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லை, இடையர்கள் இல்லை, தீவனத் தொட்டி இல்லை, நாசரேத்திலிருந்து புறப்பட்ட பயணமும் இல்லை. லூக்காவின் தாளில் விண்மீன் இல்லை, ஞானிகள் இல்லை, எகிப்து இல்லை. மரியாவைச் சுமந்த கழுதையும் இல்லை. எல்லாரையும் அதிகம் திகைக்க வைப்பது விடுதிக்காரர்தான். பங்கு ஆலயந்தோறும் கிறிஸ்மஸ் நாடகத்தில் கதவைத் திறந்து, இடமில்லை என்று விரட்டுகிறாரே, அவருக்கு லூக்காவில் ஒரு சொல்கூடக் கிடையாது. விடுதியில் இடம் இல்லை என்ற ஒரே வாக்கியத்திலிருந்து முளைத்த ஆள் அவர்.

அடுத்த வேலை, பென்சில் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடுவது. மாடும் கழுதையும் பழைய ஏற்பாட்டின் எசாயா நூலிலிருந்து (எசா 1:3) வந்தவை: காளைக்குத் தன் உடைமையாளரைத் தெரியும், கழுதைக்குத் தன் தலைவனின் தீவனத் தொட்டி தெரியும், இஸ்ரயேலுக்கோ தெரியவில்லை என்று இறைவாக்கினர் வருந்தும் இடம். தீவனத் தொட்டி என்றதும் பழங்காலக் கிறிஸ்தவர்களுக்கு அந்த வரி நினைவுக்கு வந்தது. 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழைகளின் சிற்பங்களிலேயே குழந்தையின் அருகில் அந்த இரண்டும் நிற்கின்றன. 1223-இல் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் தீவனத் தொட்டியும் வைக்கோலும் வைத்துக் கிறிஸ்மஸ் கொண்டாடியபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவரச் செய்தார். நம் வீட்டுக் குடில் அந்த வழியில் வந்தது.

ஞானிகள் மூவரானதற்குக் காரணம் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகள். ஆனால் அந்த எண்ணிக்கை உடனே நிலைபெறவில்லை. ரோமையில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையின் ஓவியத்தில் மூவர். தொமித்தில்லா கல்லறையில் நால்வர், பக்கத்துக்கு இருவராக. மார்செல்லினுஸ், பேதுரு கல்லறையில் இருவர் மட்டும். நடுவில் தாயும் சேயும் இருந்தால் இரு பக்கமும் சமமாக வர வேண்டும் என்பது ஓவியனின் கணக்கு. சிரியத் திருச்சபை மரபில் பன்னிருவர்கூட உண்டு. அரச மகுடம் திருப்பாடல் (திபா) 72:10-11-இலிருந்தும் எசா 60:3-இலிருந்தும் வந்தது. ஒட்டகங்கள் எசா 60:6-இலிருந்து. ராவென்னாவில் சான்ட் அப்போலினாரே நுவோவோ ஆலயத்தின் 6-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் அவர்கள் இன்னும் பாரசீக உடையில், முன்பக்கம் வளைந்த தொப்பியோடுதான் வருகிறார்கள். மகுடம் பொதுவழக்கானது அதற்குப் பிறகு. குடிலுக்கு மேலே நாம் தொங்கவிடும் விண்மீனுக்கு வால் இருக்கிறதே, அதுவும் மத்தேயுவில் இல்லை. பதுவா நகரின் ஸ்க்ரோவேஞி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305-ஐ ஒட்டி வரைந்த சுவரோவியத்தில் நெருப்புபோல் வாலை இழுத்துக்கொண்டு ஒரு வால்வெள்ளி பாய்கிறது. 1301-இல் தென்பட்ட ஹாலி வால்வெள்ளியை அவர் பார்த்திருக்கக் கூடும் என்று கருதுவோர் உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் வகுப்பு தடம் புரளும். பாதிப் பேர் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள். இதுவரை சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய்யா என்ற கலக்கம். மீதிப் பேர் உற்சாகமாகிவிடுவார்கள். குடிலிலிருந்து அரசர்களை எடுத்துவிட வேண்டும், மாட்டையும் கழுதையையும் எடுத்துவிட வேண்டும் என்பார்கள். எங்கள் பார்வையில் இரண்டாவது ஆபத்து பெரியது. மாடு நிற்கும் இடத்தில் எசாயா நிற்கிறார். மகுடம் இருக்கும் இடத்தில் திருப்பாடல் இருக்கிறது. ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாத் திருப்பலியில் எசா 60:1-6-ஐயும் திபா 72-ஐயும் வாசித்துவிட்டுத்தான் மத்தேயுவைத் திருச்சபை வாசிக்கிறது. அந்த மூன்று வாசகங்களையும் ஒரே சட்டத்துக்குள் வரைந்தால் என்ன வருமோ அதுதான் மூன்று அரசர் ஓவியம்.

மத்தேயுவே இப்படித்தான் வாசிக்கிறார். சிவப்பு அடிக்கோடுகளைத் திரும்பிப் பார்த்தால் தெரியும்: முதல் இரண்டு அதிகாரங்களில் ஐந்து முறை இறைவாக்கைச் சுட்டிக்காட்டுகிறார். எகிப்திலிருந்து என் மகனை அழைத்து வந்தேன் என்று ஓசேயா 11:1 சொல்லும்போது மகன் என்பது இஸ்ரயேல் மக்கள். மத்தேயு அதை இயேசுவின்மேல் வைக்கிறார். எரேமியா 31:15-இல் ராகேல் அழுவது நாடுகடத்தப்பட்டவர்களுக்காக. மத்தேயு அந்த அழுகையைப் பெத்லகேமில் கேட்கிறார். மேற்கோள் என்று காட்டாமலே செய்வதும் உண்டு. உன் உயிரைப் பறிக்கத் தேடியவர்கள் இறந்துபோனார்கள் என்று விடுதலைப் பயணம் 4:19-இல் மோசேக்குச் சொல்லப்பட்டது, மத் 2:20-இல் கிட்டத்தட்ட அப்படியே யோசேப்பின் காதில் விழுகிறது. குழந்தைகளைக் கொல்லும் பாரவோன், தப்பிய மோசே என்ற பழைய கதையின் மேல் புதிய கதை எழுதப்படுகிறது. நூலுக்குள் நூலை வாசிப்பதை ஓவியர்கள் நற்செய்தியாளரிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

யோசேப்பை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். நான்கு நற்செய்திகளிலும் அவர் வாய் திறந்து சொன்னதாக ஒரு சொல் இல்லை. நேர்மையாளர், கனவு கண்டவர், எழுந்து போனவர், அவ்வளவே. அந்த மௌனம் எத்தனை கைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது! யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற விவிலியத்தில் சேர்க்கப்படாத 2-ஆம் நூற்றாண்டு நூல் அவரை வயது முதிர்ந்தவராக்கி, அவர் கோலிலிருந்து புறா வெளிப்பட்டதாகச் சொன்னது. பிற்கால மரபு அந்தக் கோலில் பூவும் பூக்க வைத்தது. நம் ஆலயங்களில் சூசையப்பர் என்று நாம் அழைக்கும் யோசேப்பு கையில் லீலி மலரோடு நிற்பது அதன் தொடர்ச்சி. நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள மெரோட் பீட ஓவியம் 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓவியர் ரோபேர் காம்ப்பேனின் பட்டறையில் பிறந்தது. அதன் வலப்பக்கப் பலகையில் யோசேப்பு தன் தச்சுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு பலகையில் துளையிட்டுக்கொண்டிருக்கிறார். மேசைமேல் ஓர் எலிப்பொறி. சன்னல் விளிம்பில், விற்பனைக்கு வைத்ததுபோல் இன்னொன்று. சிலுவையை அலகைக்கு (சாத்தானுக்கு) வைத்த எலிப்பொறி என்று புனித அகுஸ்தினார் மறையுரையில் சொன்னதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்தப் பொறி ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

அதே மௌனத்திலிருந்து தமிழுக்கு ஒரு காப்பியமே கிடைத்தது. வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணியில் 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். தலைவன் யோசேப்பு, காப்பியத்தில் அவர் பெயர் வளன். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காப்பிய முறைப்படி தொடங்கி, முடிசூட்டுப் படலத்தில் நிறைகிறது. எகிப்துக்குப் போனதை மத்தேயு இரண்டே வசனங்களில் முடித்துவிடுகிறார். முனிவர் அந்த வழியை நீட்டி, யோசுவாவின் வெற்றி, கிதியோனின் வெற்றி என்று பழைய ஏற்பாட்டை அதற்குள் கொண்டுவந்துவிடுகிறார். ஸ்பெயின் நாட்டு ஆகிர்தா மரியாவின் காட்சி நூல் அவருக்கு ஒரு மூலம். தேம்பாவணிப் பாடலை வகுப்பில் எடுக்கும்போதும் அதே மூன்று நிறங்கள்தான்: நற்செய்தியிலிருந்து வந்தது, பிற நூல்களிலிருந்து வந்தது, தமிழ்க் காப்பிய மரபு கொடுத்தது. மூன்றாவது நிறம் அதிகமாக விழும் பக்கங்களில்தான் முனிவரின் வாசிப்பு நமக்கு மிக நெருக்கமாக இருக்கிறது.

சேர்ப்பது மட்டுமல்ல, எடுப்பதும் விளக்கம்தான். குடிலில் ஏரோது கிடையாது. லூக்காவின் இரவு மத்தேயுவின் இரவை விழுங்கிவிட்டது. பீட்டர் ப்ரூகல் 1565-ஐ ஒட்டி வரைந்த மாசற்ற குழந்தைகள் படுகொலையை இங்கே காட்டுவோம். பெத்லகேமின் இடத்தில் பனி மூடிய ஃப்ளெமிஷ் கிராமம்; கதவை உடைப்பவர்கள் ஓவியர் காலத்துப் படைவீரர்கள். இந்த ஓவியம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் சேகரிப்புக்குப் போனபின், குழந்தைகள்மேல் வேறு பொருள்கள் தீட்டப்பட்டன. இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ள அந்தப் பலகையில், ஒரு தாயின் மடியில் இறந்த குழந்தைக்குப் பதில் இறைச்சியும் பாலாடைக் கட்டியும் இருக்கின்றன. அவள் அழுகை மட்டும் மாறவில்லை. படுகொலை வெறும் சூறையாடல் ஆகிவிட்டது. குழந்தைகள் கொல்லப்படும் மத் 2:16-ஐத் தாண்டிக் குதித்து 2:19-க்குப் போகும் ஒவ்வொரு பாடமும் அதே வேலையைச் செய்கிறது.

எல்லாச் சேர்க்கையும் நல்லதல்ல. உரைகல் இரண்டு. அது விவிலியத்தின் வேறொரு பகுதியிலிருந்து வருகிறதா? நற்செய்தியாளர் போகும் திசையிலேயே போகிறதா? 15-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் ஞானிகளில் ஒருவர் கறுப்பினத்தவரானது இரண்டிலும் தேறும். எல்லா இனத்தாரும் வருவார்கள் என்பதுதானே எசாயாவும் மத்தேயுவும் சொல்வது. இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகங்களில் யூதர் எல்லாரையும் ஒரே கொடிய முகமாகக் காட்டுவது தேறாது. இயேசுவும் மரியாவும் சீடர்களும் யூதரே என்பதை அது மறைக்கிறது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும், இன்றைய யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகச் சொன்னது. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. விவிலிய வசனத்தை மாற்றாமல் நாடகம் போட முடியாது என்று சொல்லும் குழுவிடம், அவர்கள் எழுதிய உரையாடல்களில் எவை நற்செய்தியில் உள்ளவை என்று குறித்துத் தரச் சொல்வோம். பெரும்பாலும் கடுஞ்சொற்கள்தான் குறியில்லாமல் நிற்கும்.

கிறிஸ்மஸ் நாடகப் பிரதிக்கும் இதே முறை. இடது ஓரத்தில் ஒவ்வோர் உரையாடலுக்கும் நேரே அதிகாரமும் வசனமும் எழுத வேண்டும். வேறு நூலிலிருந்து வந்தால் அந்த நூல். நாமே சேர்த்தது என்றால் ஒரு கோடு. விடுதிக்காரருக்கு நேரே கோடு வரும். அவரை நீக்கச் சொல்வதில்லை. ஆனால் அவரைக் கொடியவராக்க லூக்கா இடம் கொடுத்தாரா என்று கேட்டால், அடுத்த ஒத்திகைக்குள் குழுவே அந்த வசனத்தை மாற்றி எழுதிவிடுகிறது. சில இடங்களில் அவரே தீவனத் தொட்டி இருக்கும் இடத்துக்கு விளக்கைப் பிடித்து வழிகாட்டுகிறார். அந்த வரிக்கு நேரேயும் கோடு போட்டுத்தான் பிரதியை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.