அம்மாவின் பழைய ஃபைல் தேடி அலைந்த கதை

இடது மார்பில் மாதக்கணக்காக வலி. எனக்கு வயது 36. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது 42. சித்தி அதே நோயில்தான் போனார். இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால் ராத்திரி தூக்கம் எங்கே வரும்?

முதலில் பார்த்த மகப்பேறு டாக்டர் என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஹார்மோன்மா" என்று வைட்டமின் ஈ எழுதினார். நானாக அம்மா விஷயத்தைச் சொன்னபோது அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தாகிவிட்டது. குடும்ப வரலாறு இருப்பவர்கள் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வலியைச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

அதன்பிறகு போன மார்பக அறுவை மருத்துவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். மாதவிடாய்க்கு முன்னால் வலி கூடுகிறதா, ஒரே இடத்திலா, காம்பில் கசிவு உண்டா, தோல் எங்காவது உள்வாங்கியிருக்கிறதா, அப்பா வழியில் யாருக்காவது, சினைப்பைப் புற்றுநோய் யாருக்காவது. கட்டி எதுவும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது என்றார். ஆனாலும் அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட், அதாவது திசுவை எடுத்துச் சோதித்த ரிப்போர்ட், வேண்டும் என்றார்.

அங்கேதான் சிக்கல். ஐந்து வருஷம் நல்லபடியாகக் கடந்ததும் "இந்தச் சனியன் வீட்டில் வேண்டாம்" என்று அம்மா மொத்த ஃபைலையும் போகியில் போட்டிருந்தார். சிகிச்சை எடுத்த மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவுக்குப் போனால், பதிவு எண் இல்லாமல் தேட முடியாது, நோயாளியும் நேரில் வர வேண்டும் என்று ஜன்னலுக்குள்ளிருந்தே பதில் வந்தது. அம்மாவை அழைத்துப் போன அன்று அந்த ஊழியர் விடுப்பு. வேறு யாருக்கும் அலமாரிச் சாவி எங்கே என்று தெரியவில்லை.

காப்பாற்றியது அப்பாவின் ஆடிட் பயம். ஓய்வுபெற்ற ஆசிரியர். மெடிக்கல் க்ளெய்முக்குக் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்துப் பரணில் கட்டி வைத்திருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரி, திசு ரிப்போர்ட், பதிவு எண் எல்லாமே அதில் இருந்தன. உங்கள் வீட்டிலும் யாராவது பில்லையாவது பத்திரப்படுத்தியிருப்பார்கள், முதலில் அங்கே தேடுங்கள்.

அடுத்து மேமோகிராம், அதாவது மார்பகத்தை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அது பெரிய விஷயமில்லை. தட்டு சில்லென்று இருக்கும், அழுத்தும்போது சில நொடி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் முடிந்த சில நாளில் போனால் வலி குறைவு. அன்றைக்குப் பவுடர், சென்ட் வேண்டாம். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். மேலாடை தனியாகக் கழற்றுகிற மாதிரி உடுத்திப் போங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்தது சனிக்கிழமை சாயந்திரம். படத்தில் தெரிந்ததை எண்ணால் குறிக்கும் இடத்தில் "பைரேட்ஸ் 0" என்று இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் உறையை நீட்டியபடி, "முழுசா கிளியர் இல்லன்னு போட்டிருக்காங்க, டாக்டரைப் பாருங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. திங்கட்கிழமை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: 0 என்றால் நோய் என்று அர்த்தமில்லை, படம் போதவில்லை, இன்னொரு ஸ்கேன் வேண்டும், அவ்வளவுதான். திசு அடர்த்தியாக இருந்தால் இப்படி வருவது சகஜமாம். அல்ட்ராசவுண்டில் சிறு நீர்க்கட்டிகள், பைரேட்ஸ் 2. சாதாரணக் கட்டிதான். இனிமேல் ரிப்போர்ட்டை டாக்டர் இருக்கிற நாளில்தான் வாங்குவேன்.

வலிக்குச் சரியான அளவில் உள்ளாடை, அப்புறம் ஆர்மலாக்சிஃபீன் மாத்திரை. மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, இது குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை" என்றான். உண்மைதான். அரசு மருத்துவமனையில் 'சாயா' என்று இலவசமாகத் தருவதும் இதே மருந்துதான். மார்பக வலிக்கும் இதை எழுதுகிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போகலாம் என்பதை டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. டாக்டர் எழுதாமல் யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

மிச்சம் இருப்பது பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை, அதாவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணுக் கோளாறு குடும்பத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. என்னைவிட, நோய் வந்த அம்மாவுக்கு முதலில் பார்ப்பதுதான் உபயோகம் என்றார் டாக்டர். அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். தம்பிதான், "அது பொம்பளைங்க விஷயம், நான் எதுக்கு?" என்கிறான். ஆண்கள் வழியாகவும் அந்த மரபணுக் கோளாறு பிள்ளைகளுக்கு இறங்கலாம், அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள். ஆலோசனைக்கு அவனையும் சேர்த்தே நேரம் வாங்கியிருக்கிறேன்.