கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள், போனது ஒரு ரப்பர் புஷ்

சிக்னலில் நின்று கிளம்பும்போது காரில் ஃபர்ஸ்ட் கியர் விழவில்லை. லிவரை இடப்பக்கம் தள்ளி மேலே போட்டேன், வண்டி திணறி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. ஃபர்ஸ்ட் என்று நினைத்து நான் போட்டதெல்லாம் தேர்டில் போய் விழுந்துகொண்டிருந்தது. செகண்டுக்கு இழுத்தால் ஃபோர்த். ரிவர்ஸ் சுத்தமாக இல்லை. கையை எடுத்தால் லிவர் தானாக நடுவுக்கு வந்து நிற்குமே, அந்த ஸ்பிரிங் விசையும் இல்லை. இடமும் வலமும் தொளதொளவென்று ஆடியது.

தேர்டிலேயே கிளட்சை மெல்ல மெல்ல விட்டுக் கிளப்பி, பக்கத்தில் இருந்த பட்டறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே கிளட்ச் தீய்ந்த வாடை வந்துவிட்டது. இதே நிலை உங்களுக்கு வந்தால் அப்படி ரொம்ப தூரம் ஓட்டாதீர்கள், நல்ல கிளட்சும் சேர்ந்து போகும். இன்னொன்று, ரிவர்ஸ் இல்லாத வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தினேன். வெளியே எடுக்க மூன்று பேர் தள்ள வேண்டியிருந்தது.

பட்டறைக்காரர் உட்கார்ந்து லிவரை நாலு தடவை ஆட்டிப் பார்த்தார். "சிங்க்ரோனைசர் போயிருச்சு சார். கியர்பாக்ஸை இறக்கணும். இறக்குறதோட கிளட்சையும் மாத்திடலாம்" என்றார். சிங்க்ரோனைசர் என்பது கியர்பாக்ஸுக்குள் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கி, கியரை உரசாமல் விழவைக்கும் பாகம். அவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாத்தீங்களா அண்ணே?"

"ஆஃப் பண்ணினா என்ன சார் தெரியப்போகுது?"

நிறையத் தெரியும். மிதித்தும் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்றால் இன்ஜின் ஓடும்போது கியர் விழ மறுக்கும், ரிவர்ஸ் போட்டால் கறகறக்கும், ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டால் பெரும்பாலும் சாதாரணமாக விழும். சிங்க்ரோனைசர் தேய்ந்திருந்தாலும் ஓடும்போதுதான் உரசல் சத்தத்தோடு தகராறு செய்யும், அதுவும் பொதுவாகக் குறிப்பிட்ட ஒரு கியரில். இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி விழவில்லை, லிவர் கையில் தொளதொளக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கேபிள்களைத்தான். நான் வண்டியை வீட்டுக்கே இழுத்துவரச் செய்தேன்.

கேபிள் வைத்த மேனுவல் கியர்களில் பெரும்பாலும் இரண்டு கேபிள் இருக்கும். லிவரின் முன்பின் அசைவை ஒன்று கொண்டுபோகும், இடம்வல அசைவை இன்னொன்று. கியர்பாக்ஸ் பக்கம் ஒவ்வொரு கேபிளின் முனையிலும் ஒரு வளையம், வளையத்துக்குள் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு புஷ், அதாவது சின்ன உள்ளுறை. கியர்பாக்ஸுக்கு வெளியே கை மாதிரி ஒரு நெம்புகோல் இருக்கும்; அந்தக் கையில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழின் மேல் அந்தப் புஷ் 'டக்'கென்று மாட்டி உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் இணைப்பு. இன்ஜின் சூட்டில் ரப்பர் வருஷக்கணக்கில் வெந்து இறுகி, ஒரு நாள் உதிர்ந்துவிடுகிறது.

வீட்டில் தம்பியை உள்ளே உட்காரவைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, நான் பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். "இடப்பக்கம் தள்ளு." தள்ளினான். கேபிள் முனை வந்து போனது, கியர்பாக்ஸின் கை அசையவே இல்லை. வளையம் குமிழை விட்டு விலகி அதன் மேல் சும்மா படுத்துக் கிடந்தது. விரலை விட்டுத் தடவினேன். காய்ந்த மண் மாதிரி கறுப்பாகப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் புஷ், அதாவது புஷ்ஷில் மிச்சம் இருந்தது. இடம்வல இழுப்பு போய்விட்டால் என் வண்டியின் கியர்பாக்ஸ் தன் ஸ்பிரிங்கின் தயவில் தேர்டு-ஃபோர்த் வரிசையில் போய் நின்றுகொள்ளும். அதனால்தான் எதைப் போட்டாலும் அந்த இரண்டே விழுந்தது. பல வண்டிகளில் இப்படித்தான். அந்த அறிகுறி ஒன்றே போதும், எந்தக் கேபிள் என்று பிடித்துவிடலாம்.

கண்டுபிடித்தது அரை மணி நேரத்தில். சாமான் வாங்கத்தான் இரண்டு வாரம் ஆனது.

கம்பெனி உதிரிபாகக் கவுண்டரில் புஷ் தனியாக வராதாம், கேபிள் ஜோடியாகத்தான் கொடுப்பார்களாம். கேபிளை மாற்றுவதென்றால் உள்ளே நடுக் கன்சோலைக் கழற்றி, இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டின் வழியாகக் கேபிளை உருவி, அது ஒரு முழு நாள் வேலை. கேபிளில் எந்தக் குறையும் இல்லை, முனையில் இருக்கும் சின்ன ரப்பர்தான் போயிருக்கிறது என்று சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "சிஸ்டத்துல இல்ல சார்" என்றார். மூன்று முறை கேட்டும் அதே பதில்.

வெளியில் நைலானிலும் பாலியூரித்தேனிலும் தனிப் புஷ் செய்து விற்கிறார்கள். அளவு சொன்னால் கிடைக்கும். நான் அளந்து சொன்னேன், வாங்கினேன், வந்து பார்த்தால் வளையத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. காரணம் இதுதான்: பழைய ரப்பரின் மெல்லிய படலம் ஒன்று வளையத்தின் உட்சுவரில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்து அளந்துவிட்டேன். கறுப்பு வளையத்தில் கறுப்பு ரப்பர், வெளிச்சம் போதாத இடம், கண்ணுக்குத் தெரியவில்லை. சுரண்டி எடுத்துவிட்டு அளந்தபோது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டு கேபிளும் ஒரே அளவு என்று எண்ணி ஜோடியாக வேறு வாங்கியிருந்தேன். குமிழ் இரண்டும் ஒன்றுதான், வளையம் இரண்டும் வேறு.

ஆகவே வாங்குமுன் வளையத்தைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். பிறகு வெர்னியர் காலிப்பரால் மூன்று அளவு எடுங்கள்: குமிழின் விட்டம், வளையத்தின் உள்விட்டம், வளையத்தின் தடிமன். கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். தடிமன் பொருந்தாவிட்டால் புஷ்ஷின் விளிம்பு மறுபக்கம் வந்து பிடிக்காது, ஒரு மாதத்தில் நழுவி வெளியே வரும். இரண்டு கேபிளையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சரியான புஷ் வரும்வரை வண்டி தேவைப்பட்டது. வளையத்தைக் குமிழின் மேல் வைத்து இரண்டு பிளாஸ்டிக் டேக்கை (வயர் கட்டும் கேபிள் டை) குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கினேன். எல்லா கியரும் விழுந்தது. ஆனால் இது அவசரத்துக்குத்தான். சூட்டில் டேக் இளகும், எப்போது விடும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் போய்வர மட்டும் எடுத்தேன்.

இனி மாட்டிய கதை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சமதரை, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டு. பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, திரும்ப மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றும் வெளியே வந்தால்தான் கை நுழையும். பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் ரேடியோ ரகசிய எண் கேட்கும் வண்டி என்றால் அந்த எண்ணை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுமுன் போட்டோ எடுங்கள். கேபிளின் மேலுறையைத் தாங்கியோடு பிடித்திருக்கும் யு வடிவக் கிளிப்பை உருவும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். என்னுடையது துள்ளி எங்கோ விழுந்து, அடித்தகட்டில் காந்தத்தை விட்டுத் துழாவி எடுக்க முக்கால் மணி நேரம் போனது.

இன்னொரு கேபிளின் வளையம் இன்னும் குமிழில் இறுக்கமாக இருந்தது. அதைக் கழற்றப் போனபோதுதான் பெரிய தப்பு நடந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், நழுவிப் பக்கத்துக் கேபிளின் முனையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் பூட்டில் பட்டது. 'டிக்'. பூட்டு மேலே எழும்பிவிட்டது. அது கேபிளின் நீளத்தை சரிசெய்யும் பூட்டு. அது திறந்தால் கேபிள் முனை முன்னும் பின்னும் சறுக்கும். அப்போது அதன் அருமை தெரியாமல் அப்படியே அழுத்தி மூடிவிட்டேன். எல்லாவற்றையும் மாட்டி முடித்தபின் ஃபர்ஸ்ட், செகண்ட் விழுந்தது, ஃபிஃப்த் விழவில்லை. ஃபில்டர் பெட்டி, பேட்டரி எல்லாம் மறுபடி வெளியே.

சரிசெய்வது கஷ்டமில்லை. உள்ளே லிவர் நியூட்ரலில் நேராக நிற்க வேண்டும், கியர்பாக்ஸின் கையும் தன் ஸ்பிரிங் நிறுத்தும் நியூட்ரல் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நிற்கும்போது பூட்டை அழுத்த வேண்டும். சில வண்டிகளில் லிவரின் அடியில் பின் சொருகி நிறுத்தத் துளையே இருக்கும். என் வண்டியில் அப்படி இல்லாததால் தம்பி லிவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அசையலை அண்ணே, அழுத்து" என்றான். அழுத்தினேன், ஃபிஃப்த் விழுந்தது. நெம்புவதாக இருந்தால் பூட்டு இருக்கும் பக்கம் போகவே வேண்டாம், இரண்டு பக்கமும் சமமாகத் தூக்குங்கள்.

புஷ் மாட்டுவது பற்றி இரண்டு விஷயம். நன்கு சுடுநீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டால் புஷ் இளகிக் கொடுக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள். சி-கிளாம்ப் வைத்து, மறுபக்கம் போல்ட் கழற்றும் பெரிய சாக்கெட் ஒன்றைத் தாங்கலாகக் கொடுத்து மெதுவாக அழுத்தினால் விளிம்பு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அப்போதுதான் உட்கார்ந்ததாக அர்த்தம். குமிழின் மேல் மாட்டும்போதும் கியர்பாக்ஸின் கையை ஒரு பக்கமாக அமுக்கக் கூடாது, அந்த விசை முழுக்க கியர்பாக்ஸின் தண்டில்தான் இறங்கும். வாய் அகலமான குறடால் இரண்டு பக்கமும் பிடித்து நெரித்தேன், 'டக்'கென்று உட்கார்ந்தது. ரப்பர் புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதாரண கிரீஸ் பல வகை ரப்பரை ஊதவைத்து நாசம் செய்துவிடும்.

இன்ஜினை அணைத்தபடியே கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியரும், ரிவர்ஸும் இரண்டிரண்டு தடவை. அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தோம். இடப்பக்கம் தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன், லிவர் தானாக நடுவுக்கு வந்து நின்றது. தம்பி இன்னொரு தடவை தள்ளச் சொல்லிப் பார்த்தான்.

பட்டறைக்காரரிடம் பழைய ரப்பர் துகள்களை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்டில் மட்டும் லிவர் இன்னும் லேசாக ஆடுகிறது. உள்ளே லிவர் பக்க முனையிலும் இதே மாதிரி புஷ் உண்டு, கன்சோலைக் கழற்றிப் பார்க்கணும். இந்தத் தடவை முதலில் சுரண்டிவிட்டுத்தான் அளக்கப்போகிறேன்.