பல் மருத்துவத்தை விட்டு வந்த கேரி மிடில்காஃப்

இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளின் அமெரிக்க கோல்ஃபைப் பற்றிப் பேசுவோர் பென் ஹோகன், சாம் ஸ்னீட், பைரன் நெல்சன் ஆகிய மூவரோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு மிக அருகில் நிற்க வேண்டிய டென்னசிக்காரர் கேரி மிடில்காஃபுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் 39 வெற்றிகளும், மேஜர் எனப்படும் கோல்ஃபின் முதன்மைப் போட்டிகளில் மூன்று பட்டங்களும் பெற்றவர் அவர்.

தந்தையைப் போலவே பல் மருத்துவம் படித்த அவர், போர்க்காலத்தில் ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். 1945-இல் அமெச்சூராக, அதாவது கோல்ஃபைத் தொழிலாகக் கொள்ளாதவராக இருந்தபோதே, தொழில்முறை ஆட்டக்காரர்கள் திரண்டிருந்த நார்த் அண்ட் சவுத் ஓப்பனை வென்றார். 1947-இல், அமெச்சூர்களுக்கான அணிப் போட்டியான வாக்கர் கோப்பையில் அமெரிக்க அணியில் ஆடும் வாய்ப்பையும் உறுதியான வருமானம் தரும் மருத்துவத் தொழிலையும் ஒருசேர விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். 1949-இல் சிகாகோ அருகேயுள்ள மெடினாவில் ஸ்னீடையும் கிளேட்டன் ஹெஃப்னரையும் ஒரே ஸ்ட்ரோக்கில் (அதாவது ஓர் அடியில்; குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார்) முந்தி யு.எஸ். ஓப்பனை வென்றபோது, அந்த முடிவு சரியானதுதான் என்பது விளங்கியது. அதே ஆண்டு மோட்டார் சிட்டி ஓப்பனில் அவரும் லாயிட் மாங்ரமும் சமநிலை முறிக்க 11 கூடுதல் குழிகள் ஆடியும் தீர்வு கிடைக்காமல், இருட்டிவிட்டதால் இருவருமே வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டனர்.

அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் அவருடைய நிதானத்தில்தான் போய் முடியும். பந்தின் முன் நின்று நெடுநேரம் தயாராவார். மட்டையைப் பின்னுக்கு உயர்த்தியபின் உச்சியில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கணம் நிறுத்தி, அதன் பிறகே கீழே இறக்குவார். அவ்வளவு நேரம் எந்த நோயாளியாலும் வாயைத் திறந்து வைத்திருக்க முடியாது என்பதால்தான் மருத்துவத்தை விட்டார் என்று ஒரு கேலி உலவியது. எளிதில் பதற்றமடையும் இயல்புடைய ஒருவர் தன்னைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கண்டடைந்த வழியாகவே அந்தத் தாமதத்தை நான் பார்க்கிறேன். அதைக் குறையாக மட்டும் எழுதிச் செல்வது நியாயமாகாது.

மேஜர் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸில் 1955-இல் அவர் ஆடியது அதற்குச் சான்று. அகஸ்டாவில் இரண்டாம் சுற்றில் 13-ஆம் குழியில் ஏறத்தாழ 80 அடி தொலைவிலிருந்து பட் செய்து, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டி, ஈகிள் (குழிக்கு வகுத்த அடிகளைவிட இரண்டு குறைவு) எடுத்தார். அன்றைய சுற்றின் கணக்கு 65 அடிகள். இறுதியில் ஹோகனை ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அந்தப் போட்டியில் அதுவரை எவரும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றதில்லை. அடுத்த ஆண்டு ஓக் ஹில்லில் அவர் ஆட்டத்தை முடித்துக் காத்திருக்க, ஹோகன் 17-ஆம் குழியில் மிகக் குறுகிய பட் ஒன்றைத் தவறவிட்டார், இரண்டாம் யு.எஸ். ஓப்பன் பட்டம் ஒரே ஸ்ட்ரோக்கில் மிடில்காஃபிடம் வந்தது.

ஆனாலும் 1957-இல் டொலிடோவின் இன்வர்னஸில் நடந்த யு.எஸ். ஓப்பனில் அவர் ஆடியதையே நான் மிகவும் மதிக்கிறேன். கடைசி நாளின் இரண்டு சுற்றுகளிலும் 68 எடுத்து, பின்தங்கிய நிலையிலிருந்து டிக் மேயரைச் சமன் செய்தார். மறுநாள், சமநிலை முறிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு, மிடில்காஃபின் நிதானத்தை எதிர்பார்த்து, மேயர் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். மேயர் 72, மிடில்காஃப் 79. பட்டம் மேயருக்குப் போனது.

1961-இல் மெம்ஃபிஸில் கடைசி வெற்றியைப் பெற்ற மிடில்காஃப், பின்னர் நெடுங்காலம் தொலைக்காட்சி வர்ணனையாளராக இருந்தார். 1986-இல் உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது. தாமதமாகவே கிடைத்தது என்பேன்.